செருப்பு மாட்டும்போது சொல்வதை உட்காரும்போதே சொல்லுங்கள்

கேள்வி: எனக்கு 57 வயது. திண்டுக்கல் பக்கம் ஒரு கிராமம். எட்டு வருடமாகச் சுகர், நான்கு வருடமாக பிரஷர். இரண்டு மாதத்துக்கு ஒரு தடவை மகன் லீவு போட்டு டவுன் டாக்டரிடம் கூட்டிப்போவான். அவனை அடிக்கடி அலைக்கழிக்க வேண்டாம் என்று, ஒரே நாளில் எல்லாத் தொந்தரவையும் சொல்லிவிட நினைப்பேன். போன தடவை முழங்கால் வலி, உள்ளங்கால் மதமதப்பு இரண்டையும் சொல்லிவிட்டு, சாயங்காலமானால் கால் வீங்குவதைச் சொல்ல ஆரம்பித்தேன். "ஒரு நாளைக்கு ஒரு பிரச்சினையைச் சொல்லுங்கம்மா, வெளியே நாற்பது பேர் உட்கார்ந்திருக்காங்க" என்றார் டாக்டர். மகன் முகமும் சுருங்கிவிட்டது. ராத்திரி நான்கு தடவை ஒன்றுக்குப் போக எழுந்திருப்பதையும், பகலெல்லாம் அசதியாக இருப்பதையும் சொல்லாமலே வந்துவிட்டேன். அதற்கு முந்தைய தடவை கூட்டிய பிரஷர் மாத்திரையையே தொடரச் சொன்னார். முழங்காலுக்கு மெடிக்கலில் வாங்கிப் போடுகிற மாத்திரையில்தான் என் வண்டி ஓடுகிறது. ஒரே தடவையில் நாலைந்து தொந்தரவைச் சொல்வது தப்பா? எதைச் சொல்வது, எதை விடுவது?

பி.கு.: மாதவிடாய் நின்று ஐந்து வருடமாகிறது. போன மாதம் இரண்டு நாள் லேசாக ரத்தம் பட்டது. மகனை வைத்துக்கொண்டு இதை எப்படிச் சொல்வதென்று விட்டுவிட்டேன். வயதானால் இப்படி வருமா?

— பெயர் வேண்டாம் என்று கேட்டுக்கொண்ட வாசகி

பதில்:

அன்புள்ள அம்மா,

பின்குறிப்பிலிருந்து ஆரம்பிக்கிறேன். நீங்கள் எழுதியிருப்பதில் மற்றதெல்லாம் ஒன்றிரண்டு வாரம் பொறுக்கும். இது பொறுக்காது.

மாதவிடாய் முழுதாக நின்று ஒரு வருடம் கழிந்த பிறகு ஒரு சொட்டு ரத்தம் பட்டாலும், வலியே இல்லாவிட்டாலும், தானாக நின்றுபோனாலும், மகளிர் மருத்துவரிடம் காட்டியே ஆக வேண்டும். வயதானால் வருகிற விஷயம் இல்லை அது. உங்களைப் பயமுறுத்த இதைச் சொல்லவில்லை. இப்படி வருகிறவர்களில் ஏறக்குறைய பத்தில் ஒன்பது பேருக்குப் புற்றுநோய் இருக்காது. உள்ளே தோல் மெலிந்து வறண்டிருக்கும், அல்லது கர்ப்பப்பையில் சின்னதாகச் சதை வளர்ந்திருக்கும். மீதி ஒருவருக்கு அது கர்ப்பப்பை உட்சுவரில் வரும் புற்றுநோயின் முதல் அறிகுறி. சுகர் இருப்பவர்களுக்கு அந்த வாய்ப்பு கொஞ்சம் கூடுதல். ஆரம்பத்திலேயே பிடித்துவிட்டால் பெரும்பாலும் குணப்படுத்திவிடக்கூடிய நோய்தான் அதுவும். முதலில் ஒரு ஸ்கேன் எடுப்பார்கள். தேவைப்பட்டால் உட்சுவரிலிருந்து துளி திசு எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்புவார்கள். இரண்டு மாதம் கழித்து வருகிற அப்பாயின்ட்மென்ட் வரை இதைத் தள்ளிப்போடாதீர்கள். இந்த வாரமே போங்கள். உங்கள் டாக்டரிடம்தான் முதலில் போக வேண்டும் என்பதில்லை. பக்கத்தில் உள்ள அரசு மருத்துவமனையின் மகளிர் பிரிவுக்கு நேராகவே போகலாம்.

சரி, இனி உங்கள் கேள்வி.

இதில் நான் கவனித்த ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். ஒரு பக்கம் முழுக்க முழங்காலையும் உள்ளங்காலையும் பற்றி எழுதிவிட்டு, எல்லாவற்றையும்விட முக்கியமானதைக் கையெழுத்துக்குப் பிறகு பின்குறிப்பில் வைத்திருக்கிறீர்கள். டாக்டர் அறையிலும் இதுதான் நடக்கிறது. 26 வருடமாக ஒரு சின்ன ஊரில் பொது மருத்துவராக உட்கார்ந்திருக்கிறேன். நோயாளி முக்கியமான வாக்கியத்தைச் சொல்வது பெரும்பாலும் நாற்காலியில் உட்கார்ந்திருக்கும்போது இல்லை. எழுந்து, கும்பிட்டு, வாசலில் செருப்பு மாட்டும்போதுதான் திரும்பிப் பார்த்து, "அப்புறம் சார், ஒண்ணு கேக்கணும்னு நெனச்சேன்…" என்று வரும். முதுகு வலிக்கு மருந்து வாங்கிக்கொண்டு கிளம்பிய ஒருவர் அப்படித் திரும்பி, "மேடு ஏறினா நெஞ்சு லேசா அடைக்குது, நின்னா சரியாயிடுது, அது வாயுதானே?" என்று கேட்டார். அது வாயு இல்லை. அன்று அடுத்த டோக்கனுக்கு மணி அடித்துவிட்டிருந்தேன். இன்னும் அரை நிமிடம் முன்னால் அடித்திருந்தால் அந்தக் கேள்வி எனக்குக் கேட்டிருக்காது. அதை நினைத்தால் இப்போதும் வயிற்றைக் கலக்கும்.

ஏன் கடைசியில் சொல்கிறார்கள்? சிலருக்குக் கூச்சம், சிலருக்குப் பயம். "இதுக்கெல்லாமா டாக்டர் நேரத்தை வீணாக்குறது" என்று தயங்குகிறவர்கள்தான் அதிகம். பாதிக் குற்றம் எங்களுடையது. 1984இல் அமெரிக்காவில் நோயாளிகள் பேசுவதைப் பதிவு செய்து ஆராய்ந்தபோது, நோயாளி பேச ஆரம்பித்துச் சராசரியாக 18 நொடியில் மருத்துவர் குறுக்கிட்டுவிடுகிறார் என்று தெரிந்தது. முதலில் சொன்ன தொந்தரவைப் பிடித்துக்கொண்டு கேள்வி மேல் கேள்வி கேட்போம். மற்றவை நோயாளியின் வாயிலேயே நின்றுவிடும். நானும் இதைச் செய்கிறவன்தான்.

உங்கள் டாக்டர் பக்கத்தையும் கொஞ்சம் சொல்ல வேண்டும். 2017இல் பி.எம்.ஜே. ஓப்பன் என்ற மருத்துவ இதழில் 67 நாடுகளின் கணக்கு ஒன்று வெளியானது. ஒரு நோயாளிக்கு ஸ்வீடனில் 22 நிமிடத்துக்கு மேல் கிடைக்கிறது. வங்கதேசத்தில் 48 நொடி. நம் நாட்டுக்குச் சுமார் 2 நிமிடம். இரண்டு நிமிடத்தில் ஐந்து தொந்தரவை விசாரித்து, பார்த்து, மருந்து எழுத யாராலும் முடியாது. இங்கிலாந்தில் ஒருவருக்குப் பத்து நிமிடம் ஒதுக்குகிறார்கள், அங்கேயே சில கிளினிக்குகளில் "ஒரு அப்பாயின்ட்மென்ட்டுக்கு ஒரு பிரச்சினை" என்று எழுதி ஒட்டியிருப்பார்கள். எரிச்சல் புரிகிறது. ஆனாலும் அந்த விதி எனக்குப் பிடிக்காது. நேரத்தை மிச்சம் பிடிக்க அது உதவலாம், வைத்தியத்துக்கு உதவாது. ஏன் என்பதற்கு உங்கள் கடிதமே நல்ல உதாரணம்.

கடிதத்தைப் பார்த்து நோய் சொல்லக் கூடாது, அது எனக்குத் தெரியும். ஆகவே இதை என் சந்தேகம் என்று மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். முழங்காலுக்கு மெடிக்கலில் கொடுக்கும் மாத்திரை பெரும்பாலும் டைக்ளோஃபெனாக், அசிக்ளோஃபெனாக் வகையாக இருக்கும். அந்த வகை வலி மாத்திரையைத் தொடர்ந்து போட்டால் பிரஷர் ஏறும், பிரஷருக்குப் போடுகிற சில மாத்திரைகளின் வேலையையும் கெடுக்கும். உங்கள் டாக்டருக்கு அந்த மாத்திரையைப் பற்றித் தெரியாது. பிரஷர் ஏறியிருப்பதை மட்டும் பார்த்து மருந்தைக் கூட்டியிருப்பார். கூட்டியது அம்லோடிபினாக இருந்தால், அளவு ஏற ஏற கணுக்கால் வீங்குவது அதன் நன்கு தெரிந்த பக்கவிளைவு. பகலெல்லாம் காலில் தேங்கும் நீர், ராத்திரி படுத்ததும் ரத்தத்துக்குத் திரும்பி, சிறுநீராக வெளியேறும். அதனால் எழுந்து எழுந்து போக வேண்டியிருக்கும். சுகர் கட்டுக்குள் இல்லாவிட்டாலும் அப்படித்தான் ஆகும். நான்கு முறை தூக்கம் கலைந்தால் பகலில் அசதி வராமல் வேறென்ன வரும்?

முழங்கால், பிரஷர், கால் வீக்கம், ராத்திரி எழுந்திருப்பது, அசதி என்று ஐந்து தொந்தரவாக எழுதியிருக்கிறீர்கள். ஐந்தும் ஒரே கயிற்றின் முடிச்சுகளாக இருக்க வாய்ப்பிருக்கிறது. ஒரு மருந்தின் விளைவைப் புது நோய் என்று நினைத்து, அதற்கு இன்னொரு மருந்து கொடுப்பதை மருந்துச் சங்கிலி என்று சொல்லலாம். ரோஷோன், குர்விட்ஸ் என்ற இரண்டு மருத்துவர்கள் 1990களிலேயே இதைப் பற்றி எழுதி எச்சரித்திருக்கிறார்கள். ஒரு நாளைக்கு ஒன்றாகச் சொல்லியிருந்தால், கால் வீக்கத்துக்கு ஒரு நாள் நீர் மாத்திரை, அசதிக்கு இன்னொரு நாள் சத்து மாத்திரை என்று பை பெரிதாகிக்கொண்டே போயிருக்கும்.

உள்ளங்கால் மதமதப்பு இந்தக் கயிற்றில் சேராது. சுகரே நரம்பைப் பாதித்து அப்படிச் செய்யலாம். நீங்கள் சுகருக்கு மெட்ஃபார்மின் மாத்திரை போடுகிறவராக இருந்தால் இன்னொரு காரணமும் உண்டு. வருடக்கணக்கில் மெட்ஃபார்மின் எடுத்தால் உணவிலுள்ள பி12 வைட்டமினை உடல் உறிஞ்சுவது குறையும், அந்தக் குறையிலும் கால் மதமதக்கும், அசதியும் வரும். பி12 குறைந்திருக்கிறதா என்பதை ஒரு ரத்தப் பரிசோதனை காட்டிவிடும். பி12 குறைவு என்றால் ஊசியிலோ மாத்திரையிலோ சரி செய்யலாம். "பி12 பார்க்கணுமா சார்?" என்று ஒரு வார்த்தை கேளுங்கள். எந்த டாக்டரும் கோபித்துக்கொள்ள மாட்டார். அப்படியே கோபித்தாலும் கேளுங்கள்.

இதைப் படித்துவிட்டு எந்த மாத்திரையையும் நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். குறிப்பாக பிரஷர் மாத்திரையை. மெடிக்கலில் வாங்கும் வலி மாத்திரையை மட்டும், டாக்டரைப் பார்க்கும் வரை தவிருங்கள். முழங்கால் தாங்கவில்லை என்றால் பாராசிட்டமால் போதும், அதையும் அட்டையில் எழுதியிருக்கும் அளவுக்கு மேல் வேண்டாம்.

ஆக, நாலைந்து தொந்தரவைச் சொல்வது தப்பில்லை. எந்த வரிசையில், எவ்வளவு நீளமாகச் சொல்கிறீர்கள் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. பெரும்பாலானவர்கள் முதல் தொந்தரவை அதன் பிறப்பு ஜாதகத்தோடு ஆரம்பிப்பார்கள். "தீபாவளிக்கு முந்தின நாள் மாவாட்டிட்டு எழுந்தேன் சார், சம்பந்தி வீட்டுலேர்ந்து போன் வந்துச்சு…" என்று முழங்கால் வலிக்கு வந்து சேர்வதற்குள் இரண்டு நிமிடம் முடிந்துவிடும். நீங்கள் உட்கார்ந்ததும் தலைப்பை மட்டும், எல்லாவற்றையும், ஒரே மூச்சில் சொல்லிவிடுங்கள். "சார், இன்னைக்கு அஞ்சு விஷயம் இருக்கு. கால் வீக்கம், உள்ளங்கால் மதமதப்பு, முழங்கால், ராத்திரி நாலு தடவை எழுந்திருக்கிறது, அசதி. முழங்காலுக்கு வெளியில வாங்கி மாத்திரை போடுறேன். எதை முதல்ல பார்க்கணும்னு நீங்களே சொல்லுங்க." வீட்டில் கடிகாரத்தை வைத்துக்கொண்டு சொல்லிப் பாருங்கள், இருபது நொடிகூட ஆகாது. அந்த இருபது நொடியில் டாக்டருக்கு முழுப்படம் கிடைத்துவிடும். எது எதோடு சேர்கிறது என்று அவர் மனம் தானாகக் கணக்குப் போட ஆரம்பிக்கும். கடைசி வரி ரொம்ப முக்கியம். அதைச் சொன்னால் எதை முதலில் எடுப்பது என்பது அவர் கையில் இருக்கிறது, அவருக்கும் பதற்றம் வராது.

ஒரு தொந்தரவுக்கு இரண்டு விவரம் மட்டும் கையில் இருக்கட்டும்: எப்போது ஆரம்பித்தது, அதற்குச் சற்று முன்னால் என்ன மாறியது. "கால் வீக்கம் பிரஷர் மாத்திரையைக் கூட்டின பிறகு வந்தது" என்ற ஒரு வாக்கியம் மூன்று பரிசோதனையை மிச்சப்படுத்தும். இதைத் தபால் கார்டு அளவுத் தாளில் எழுதிக்கொண்டு போங்கள். முழு நீளத் தாளில் இரண்டு பக்கம் எழுதிக்கொண்டு போனால், உண்மையைச் சொன்னால், எங்களுக்கே கொஞ்சம் கிலியடிக்கும்.

மாத்திரை அட்டைகளை அப்படியே ஒரு மஞ்சப்பையில் போட்டு எடுத்துக்கொண்டு போங்கள். "சின்ன வெள்ளை மாத்திரை, காலையில ஒண்ணு" என்றால் எனக்கு எதுவும் விளங்காது, உலகத்தில் பாதி மாத்திரை சின்னது, வெள்ளை. மெடிக்கலில் வாங்கியது, பக்கத்து வீட்டு அக்கா கொடுத்தது, நாட்டு மருந்துக் கடைச் சூரணம், எல்லாம் பையில் இருக்கட்டும். மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கு வந்து கொடுக்கும் மாத்திரைகளையும் நீங்கள் வாங்குகிறீர்களா? 2021இல் அந்தத் திட்டம் வந்த பிறகு நான் அவ்வப்போது பார்ப்பது இது: அரசுப் பக்கம் ஒரு பெயரில், தனியார் டாக்டரிடம் இன்னொரு பெயரில், ஒரே மருந்தை இரண்டு முறை விழுங்கிக்கொண்டிருப்பார்கள். திட்டம் நல்ல திட்டம். இரண்டு அட்டையையும் ஒரே மேஜையில் பரப்பிப் பார்க்க ஆள் இல்லாததுதான் சிக்கல். மெடிக்கல் மாத்திரை விஷயத்தைச் சொன்னால் திட்டுவாரோ என்று பயப்பட வேண்டாம். திட்டினாலும் ஒரு நிமிடம்தான்.

ரிப்போர்ட்டுகளில் கடைசி இரண்டு போதும். மகன் போனில் முப்பது பக்க பி.டி.எஃப்.பைத் திறந்து விரலால் தள்ளித் தள்ளிக் காட்டுவதைவிட, அச்செடுத்த ஒரு தாள் மேல்.

அப்புறம் உங்கள் மகன். நல்ல பிள்ளை, லீவு போட்டுக் கூட்டிப்போகிறான். ஆனால் அவன் இருப்பதால் வாய் திறக்காத விஷயம் ஒன்று உங்களிடம் இருக்கிறது. வெள்ளைப்படுதல், தும்மினால் சிறுநீர் கசிவது, மார்பில் கட்டி, மனச்சோர்வு, எதுவானாலும் வீட்டு ஆட்களை வைத்துக்கொண்டு யாரும் சொல்வதில்லை. "தம்பி, நீங்க கொஞ்சம் வெளியே இருங்க" என்று சொல்ல வேண்டியது உண்மையில் டாக்டர்தான். அவர் சொல்லவில்லை என்றால், எடையும் பிரஷரும் பார்க்கிற நர்ஸிடம் "டாக்டர்கிட்ட ரெண்டு நிமிஷம் தனியாப் பேசணும்மா" என்று காதோடு சொல்லிவிடுங்கள், அவர் பார்த்துக்கொள்வார். அதுவும் கூச்சம் என்றால் அந்தத் தாளின் பின்பக்கத்தில் ஒரு வரி எழுதி நீட்டுங்கள். என்னிடம் அப்படி மடித்த தாளை நீட்டிய பெண்கள் நிறையப் பேர். நான் ஆண் மருத்துவன், எனக்கு அது பழக்கம்தான். ஆண் மருத்துவர் உடலைப் பரிசோதிக்க வேண்டியிருந்தால் ஒரு பெண் உதவியாளர் கூட இருக்க வேண்டும். கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

"இன்னைக்கு மூணு பார்த்துட்டேன், மீதியை அடுத்த வாரம்" என்று அவர் சொன்னால் அதில் நியாயம் இருக்கிறது. ஒரே நாளில் நான்கு மருந்தை மாற்றினால் எது வேலை செய்தது, எது உறுத்தியது என்று தெரியாது. கிளம்புவதற்கு முன் ஒன்று மட்டும் கேளுங்கள்: "தள்ளி வைக்கிறதுல, அவசரமா ஏதாவது இருக்கா சார்?" பல கிளினிக்குகளில் ஒரு வாரத்துக்குள் திரும்பப் போனால் மறுபடி ஃபீஸ் வாங்குவதில்லை. அதையும் விசாரித்து வையுங்கள். பட்டியலுக்கோ டோக்கனுக்கோ காத்திருக்கக் கூடாத விஷயங்களும் உண்டு. நெஞ்சு அடைப்பு, திடீரென்று கை கால் ஒரு பக்கம் இழுப்பது, வாய் குழறுவது, மூச்சுத் திணறல் என்றால் 108ஐக் கூப்பிட வேண்டியதுதான்.

என் சக மருத்துவர்களும் இதைப் படிக்கக்கூடும் என்பதால் அவர்களுக்கும் ஒரு வரி. 2007இல் அமெரிக்காவில் ஒரு சோதனை நடந்தது. நோயாளி முதல் தொந்தரவைச் சொல்லி முடித்ததும், ஒரு பிரிவு மருத்துவர்கள் "வேறு ஏதாவது இருக்கா?" என்பதை, "இல்லை" என்ற பதிலையே எதிர்பார்க்கிற சொல்லால் கேட்டார்கள். இன்னொரு பிரிவினர் இருக்கும் என்று எதிர்பார்க்கிற சொல்லால் கேட்டார்கள். ஆங்கிலத்தில் ஒரே ஒரு சொல்தான் வித்தியாசம். இரண்டாவது விதமாகக் கேட்டபோது, சொல்லாமல் விட்டுப்போகும் தொந்தரவுகள் 78 சதவீதம் குறைந்தன. சந்திப்பு நேரமும் நீளவில்லை. தமிழில் நமக்கு இந்த வித்தியாசம் இன்னும் நன்றாகவே தெரியும். "வேற ஒண்ணும் இல்லையே?" என்று கேட்டால் யார் பதில் சொல்வார்கள்? தலையை ஆட்டிவிட்டு எழுந்துவிடுவார்கள். "வேற என்ன இருக்கு, சொல்லுங்க" என்று கேட்டால் மடியிலிருந்து மடித்த தாள் வெளியே வரும். நான் அப்படிக் கேட்க ஆரம்பித்த பிறகு செருப்பு மாட்டும் நேரத்துக் கேள்விகள் குறைந்திருக்கின்றன. முழுக்க நிற்கவில்லை.

உங்கள் தாள் இப்படி இருந்தால் போதும் அம்மா:

கால் வீக்கம், பிரஷர் மாத்திரை கூட்டினதிலிருந்து, சாயங்காலம் அதிகம். ராத்திரி நாலு தடவை ஒன்றுக்கு. பகலில் அசதி. உள்ளங்கால் மதமதப்பு, பி12 பார்க்கணுமா? முழங்கால் வலி, மெடிக்கல் மாத்திரை தினமும் போட்டேன், அட்டை பையில் இருக்கிறது. பின்பக்கம்: மாதவிடாய் நின்று ஐந்து வருடம், போன மாதம் இரண்டு நாள் ரத்தம் பட்டது, மகளிர் டாக்டரிடம் காட்டியாச்சு.

பின்பக்கத்தின் கடைசி இரண்டு வார்த்தை உண்மையாக இருக்க வேண்டும் என்பதற்காகத்தான் இந்த வாரமே போகச் சொல்கிறேன். அங்கே எதற்குப் போகிறீர்கள் என்று மகனுக்கு விளக்க வேண்டியதில்லை. "லேடி டாக்டரைப் பார்க்கணும்ப்பா" என்றால் போதும், அவன் வெளியே டீக்கடையில் காத்திருப்பான்.